காசு தெரிந்த தண்ணீர்

வேலைக்கு வந்த முதல் நாளே நீங்கள் மூவரும் கேட்டீர்கள். "அண்ணே, நாம பார்க்கிற நீச்சல் தொட்டி எல்லாத்துலயும் தண்ணி வெளிய போற குழாய்ல ஒரு செவப்புத் துணி கட்டியிருக்கே, எதுக்கு? சாமிக்கு நேர்ந்துக்கிட்டதா?" நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். ஏணியில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கக்கூடிய கதை இல்லை அது.

அடுத்த வாரம் நான் இந்த வேலையை விட்டுப் போகிறேன். போவதற்கு முன் புதியவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று சூப்பர்வைசர் ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார். எந்தத் தொட்டிக்கு எவ்வளவு பவுடர், எத்தனை மணி நேரம் மோட்டார் என்பதெல்லாம் ரிஜிஸ்டரில் இருக்கிறது. அதையே மறுபடி எழுதி உங்களுக்குக் கொட்டாவி வரவழைக்க விருப்பமில்லை. ரிஜிஸ்டரில் இல்லாததை எழுதுகிறேன். உங்களில் ஒருவர் இங்கே தில்லியில் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மற்ற இருவரும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பாதியில் நிறுத்த வேண்டாம்.

முதலில் சின்ன முட்டாள்தனம் ஒன்று.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாவது முடித்துவிட்டு, ஜங்புரா பக்கம் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் தனம் அக்கா வீட்டில் இருந்தேன். மாமாவுக்குப் பாலம் கட்டுகிற இடத்தில் கூலி வேலை. ஊரெங்கும் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அக்கா காலனியில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அவள்தான் சொல்லிவைத்து, கேம்ப்புக்கு மேட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு வியாபாரியின் பங்களாவில் எனக்குத் தொட்டி பார்க்கும் வேலை வாங்கிக் கொடுத்தாள். தரையைத் தோண்டாமல், இரும்புத் தகட்டை வட்டமாக நிறுத்தி, உள்ளே கெட்டித் தார்ப்பாய் விரித்து, புல்வெளி மேலேயே வைத்த நீச்சல் தொட்டி. மார்பு உயரம்தான். வீட்டுக் குழந்தைகளும் விருந்தாளிகளின் குழந்தைகளும் கும்மாளம் போட அது போதும்.

முதல் வாரம் தண்ணீர் கலங்கியபோது, பங்களா மேனேஜர் சொன்னபடி படிகாரம் கரைத்து ஊற்றினேன். காலையில் வந்து பார்த்தால் அழுக்கு முழுவதும் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது. சந்தோஷத்தில் நீளக் கம்புத் துடைப்பத்தை எடுத்து அடியைப் பெருக்கத் தொடங்கிவிட்டேன். இரண்டே நிமிடம். முழுத் தொட்டியும் பழையபடி மோர் மாதிரி ஆகிவிட்டது. மேனேஜர் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, "வாரே வா, படா லிக்கா பாபு" என்றார். பெரிய படிப்பாளி என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தப் பங்களாவில் என் பெயர் ஏழுமலை இல்லை. படா லிக்கா பாபு.

இதில் கற்றுக்கொள்ள வேண்டியது எல்லோருக்கும் தெரிந்ததுதான். படிந்ததைக் கிளறாதே, பொறு. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த ஆளுக்கு ஒருநாள் காட்டுகிறேன் என்று மனதில் வைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் காட்டினேன்.

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. லாகூரிலிருந்து வந்து, எங்கெங்கோ அலைந்து, வயதான காலத்தில் அந்தப் பங்களாவில் ஒதுங்கியவர். தண்ணீர் சரியாகிவிட்டதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. சட்டைப் பையிலிருந்து ஒரு நாலணாவை எடுத்துத் தொட்டியின் நடுவில் போடுவார். அது அடியில் போய் உட்காரும்வரை இரண்டு பேரும் சும்மா நிற்போம். பிறகு, "சொல், தலையா பூவா?" என்பார். ஓரத்தில் நின்றபடியே சொல்ல முடிந்தால் தண்ணீர் பாஸ். முடியாவிட்டால், நானே இறங்கிக் காசை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது வருஷம் மே மாதம். மூன்று நாள் புழுதிக்காற்று அடித்து, தொட்டி பச்சையும் மண்ணுமாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் விருந்து. வெள்ளிக்கிழமை காலை மேனேஜர் வந்து எட்டிப் பார்த்து, "இதில் எருமையை இறக்கலாம். நாளைக்கு எனக்குக் காசு தெரிய வேண்டும்" என்றார்.

படிகாரம் போட்டேன். மண் படிந்தது, பச்சை போகவில்லை. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. மயில்துத்தம் பாசியைக் கொல்லும். புத்தகத்தில் அந்தப் பக்கம், அந்த நீலப் படிகத்தின் படம், எல்லாம் கண் முன்னால் வந்தது. எவ்வளவு போட வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்ததா என்று கேட்காதீர்கள். எழுதியிருந்தாலும் அது என் நினைவுக்கு வரவில்லை.

போகல் கடைத்தெருவில் ஒரு மளிகைக்காரரிடம் போய், "நீலா தோத்தா இருக்கா?" என்று மயில்துத்தத்தின் இந்திப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். "குழந்தைங்க கைக்கு எட்டாம வை" என்று இந்தியில் சொன்னார். அச்சா என்றேன். அவர் சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

கையால் அள்ளிப் போட்டேன். ஒரு கை. மாலைவரை பார்த்தேன், பச்சை குறைந்தது. இன்னொரு கை. பாசி செத்துத் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது. அதைத் தெளிய வைக்க மறுபடியும் படிகாரம், முதல்முறை போட்டதைவிட அதிகமாக. சனிக்கிழமை விடிந்ததும் மனம் கேட்காமல் மயில்துத்தம் இன்னொரு கை. தராசு பங்களாவின் சமையலறையிலேயே இருந்தது. கேட்டிருந்தால் சமையல்காரர் கொடுத்திருப்பார். படித்தவனுக்குத் தராசு எதற்கு.

மதியத்துக்குள் தண்ணீர் எப்படி ஆனது என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அடியில் தார்ப்பாயின் தையல் எண்ணலாம். வானத்தின் நீலம் இறங்கி வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு நிறம். மேனேஜர் நாலணாவைப் போட்டார். அது விழுந்து தண்ணீர் அடங்குவதற்கு முன்பே, "பூ" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வராந்தாவுக்குக் கூட்டிப் போய், தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, சமையல்காரரிடம் எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார். அந்தப் பங்களாவில் நாற்காலியில் உட்கார்ந்து நான் குடித்த ஒரே டீ அது.

டீ முடிவதற்குள் போன் வந்தது. வெயில் தாங்கவில்லை, விருந்து வேண்டாம், குடும்பத்தோடு இன்று சாயங்காலமே மசூரி போகிறோம் என்று முதலாளி சொல்லிவிட்டார். தொட்டியைக் காலி செய்து தார்ப்பாயைக் காயவைத்து மடிக்க வேண்டும். இரண்டு நாள் உழைத்துத் தெளிய வைத்த தண்ணீரில் ஒரு குழந்தைகூட இறங்கவில்லை. யாராவது ஒருவராவது அதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

பார்க்க ஆட்கள் இருந்தார்கள்.

தொட்டியின் வடிகுழாய் பங்களாவின் பின்சுவர் வழியாக வெளியே போகும். சுவருக்கு அந்தப் பக்கம் சரிவு. சரிவின் கீழே எங்கள் கேம்ப். தொட்டியைக் காலி செய்யும் நாளில் நான் இரும்புத் தகட்டை மூன்று தட்டுத் தட்டுவேன். பெண்கள் குடம், வாளி, டால்டா டின்னோடு வந்துவிடுவார்கள். துணி அலசவும், பாத்திரம் கழுவவும், வாசலில் தெளிக்கவும் அந்தத் தண்ணீர். குடிக்க மாட்டார்கள். கூடாது என்று யாரும் சொன்னதில்லை. பார்த்தாலே தெரியும், கலங்கலும் பவுடர் நாற்றமுமாக இருக்கும்.

அன்றைக்கு கேம்ப் குழாயில் தண்ணீர் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, வால்வைத் திறந்து, சுவர் ஓரமாகச் சுற்றிப் போய் நின்றேன். முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு ராசாத்தி அத்தை. உளுந்தூர்பேட்டைப் பக்கம்; வாயைத் திறந்தால் கேம்ப் முழுக்கக் கேட்கும். குடத்தைக் குழாயில் பிடித்தவர் அப்படியே நிறுத்திவிட்டு, கையில் கொஞ்சம் ஏந்திப் பார்த்தார்.

"என்னாடா ஏழுமல, கொழாத்தண்ணியவிடத் தெளிவா இருக்குது?"

"நான் தெளிய வச்சது அத்தை. ரெண்டு நாள் வேலை. அடியில காசு போட்டா பூவா தலையான்னு சொல்லலாம்."

"அடேங்கப்பா. படிச்ச புள்ளைன்னா சும்மாவா." பின்னால் நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "குடிக்கலாமாடா?" என்றார்.

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். குடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை. குடிக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. "பாருங்களேன், கண்ணாடி மாதிரி இருக்கு" என்றேன். கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று. அந்தத் தண்ணீரில் இன்னும் ஏதாவது இருக்கும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. போட்டதெல்லாம் பாசியோடும் மண்ணோடும் அடியில் போய்ப் படிந்துவிட்டது, மேலே இருப்பது வெறும் தண்ணீர் என்று நினைத்தேன். கண்ணுக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்தேன். அக்காவின் குடத்தை நானே வாங்கி, மெல்லிய துணி கட்டி வடித்து, நிறைத்துக் கொடுத்தேன்.

அடியில் ஒரு முழம் தண்ணீர் மிச்சம் இருக்கும்போது வால்வை மூடினேன். அது வண்டல், மறுநாள் வாரி ஊற்ற வேண்டும். முதலாளி குடும்பம் ஊருக்குப் போய்விட்டதால் அன்றிரவு காவலுக்கு பங்களாவிலேயே படுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருக்கும், வீட்டுக்கு வந்தேன். கேம்ப் முனையில் ஒரே சத்தம். யமுனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைக்கிளில் கேன் கட்டி வரும் பால்காரரை ஏழெட்டுப் பெண்கள் வளைத்து நிறுத்தியிருந்தார்கள். நடுவில் ராசாத்தி அத்தை, கையில் டீப் பாத்திரம்.

"இத பாருடா பையா, டீயா இது? வாந்தி எடுத்த மாதிரி இருக்குது. எல்லா வூட்லயும் பால் திரிஞ்சு போச்சு. என்னாத்தடா கலந்த?"

பால்காரர் பத்து வருஷமாக கேம்ப்புக்குப் பால் ஊற்றுபவர். அவருடைய தமிழும் எங்கள் பெண்களுடைய இந்தியும் ஒரே தரம். "மாஜி, சொல்றேன் கேளு. பானி கலந்தேன். ஒத்துக்கிறேன். தினம் கலக்கிறேன், அதுவும் உனக்குத் தெரியும். ஆனா திரிஞ்ச பால் என்னுது இல்லே. கங்கா மாதா மேலே சத்தியம்."

"தண்ணி கலந்தேன்னு தெகிரியமா சொல்றான் பாரு" என்று ஒரு பெண் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன்.

பால்காரர் சிரிக்கவில்லை. கேனைத் தட்டிக் காட்டினார். "இதே கேன். இதே பால். இப்போதான் காலனியிலே முப்பது வீட்டுக்கு ஊத்திட்டு வர்றேன். அங்கே யாருக்கும் திரியலே. உங்க வீட்டிலே மட்டும் எப்படித் திரியும்?"

என் சிரிப்பு வாயிலேயே நின்றது. பால் ஒன்று. அங்கே திரியவில்லை, இங்கே திரிந்தது. அப்படியானால் இங்கே வேறாக இருப்பது என்ன?

தண்ணீர்தான். நான் கொட்டிய படிகாரம் பாலைத் திரிய வைக்கும். டீப் பாத்திரத்தில் மிதந்த வெள்ளைத் திப்பிகளைப் பார்த்தபடி, "அத்தை, கலா எங்கே?" என்றேன்.

கலா என் அக்காவின் மகள். இரண்டு வயது. அக்கா ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவாள். அவள் திரும்பும்வரை ராசாத்தி அத்தைதான் பார்த்துக்கொள்வார்.

"ஒங்க வூட்ல படுத்துக்கினு இருக்குது. ஒங்கக்கா வேலைக்குப் போனதுலேருந்து மூணு வாட்டி வாந்தி. லூ அனல்காத்து அடிச்சிருக்கும்டா. பயப்படாத, வுடாம தண்ணி குடுத்துக்கினு இருக்கேன்."

விடாமல் தண்ணீர் கொடுக்கிறார். வாந்தி எடுக்க எடுக்கத் தண்ணீர். தில்லியில் மே மாதம் எந்தத் தாயும் செய்வது அதுதான்.

அக்கா வீட்டுக்குள் ஓடினேன். குழந்தை பாயில் சுருண்டு கிடந்தது. உதட்டோரம் ஈரம், பாயில் வாந்தி இலேசான பச்சை நிறத்தில். பக்கத்தில் நான் துணி கட்டி வடித்துக் கொடுத்த குடம். மேலே ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது.

குழந்தையைத் தோளில் போட்டேன். குடத்தைக் காலால் உதைத்தேன். பக்கத்து வீட்டுக் குடத்தையும் உதைத்தேன். மூன்றாவது வீட்டில் கை வைப்பதற்குள் ராசாத்தி அத்தை என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். இரண்டு நாள் தண்ணீர் வராத இடத்தில் ஒருவன் குடத்தைக் கவிழ்த்தால் வேறென்ன செய்வார்கள்.

"பைத்தியம் புடிச்சிருச்சாடா ஒனக்கு?"

"குடிக்காதீங்க. யாரும் குடிக்காதீங்க. அந்தத் தண்ணியில நான் மருந்து போட்டிருக்கேன்."

"நீதானேடா நல்ல தண்ணின்னு சொன்ன?"

"நான் சொல்லலை அத்தை."

"காசு தெரியும்னு சொன்னியே."

பெண்கள் என்னைப் பார்த்தார்கள், குடங்களைப் பார்த்தார்கள். குடத்துக்குள் தண்ணீர் அத்தனை தெளிவாக இருந்தது. என் முகத்தையும் அந்தத் தண்ணீரையும் வைத்துப் பார்த்தால், நானே தண்ணீரைத்தான் நம்பியிருப்பேன். ஒருத்தி, "வெயில்ல மண்ட கொழம்பிருச்சு" என்றாள்.

தம்பிகளா, இங்கேதான் கவனிக்க வேண்டும். என் தோளில் குழந்தை. எதிரே முப்பது நாற்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அந்தத் தண்ணீர். குழந்தையோடு ஓடினால் மற்றவர்கள் குடித்துவிடுவார்கள். நின்று விளக்கினால் குழந்தை என்ன ஆகும் என்று தெரியாது. இரண்டையும் நானே செய்ய வேண்டும் என்று நினைத்து, எதையும் செய்யாமல் நின்றேன். கலா மறுபடியும் என் முதுகில் வாந்தி எடுத்தாள். அந்தச் சூட்டில்தான் எனக்கு உயிர் வந்தது.

பால்காரரைப் பார்த்தேன். "அண்ணா, உன் பால் நல்ல பால். திரிஞ்சது இந்தத் தண்ணியால. இவங்களுக்குக் காட்டு" என்று இந்தியில் சொன்னேன்.

அந்த மனிதருக்கு நான் படித்ததில் ஒரு வரியும் தெரியாது. ஆனால், தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி கிடைத்தது என்பது உடனே புரிந்தது. சைக்கிளை ஸ்டாண்டில் போட்டார். "ஸ்டவ் பத்தவை மாஜி. ஒரு பாத்திரத்திலே என் பால் மட்டும். இன்னொண்ணுலே என் பாலும் உன் தண்ணியும். எது திரியுதுன்னு எல்லாரும் பாருங்க" என்று சட்டைக் கையை மடித்தார். நான் ஓடினேன். பிறகு கேள்விப்பட்டேன்: அன்று காலை அவர் வியாபாரத்தை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய்ப் பால் காய்ச்சிக் காட்டியிருக்கிறார். திரிந்த வீட்டில் எல்லாம் பெண்கள் தாங்களே குடத்தைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டியிருக்கிறார்கள். என் கூச்சலால் நடக்காதது, அவர் தன் மானத்துக்காகச் செய்ததில் நடந்தது. பதினோரு பேர் வாந்தி எடுத்தார்கள். அதோடு நின்றது.

போகும் வழியில் பங்களாவுக்குள் நுழைந்தேன். மிச்சப் பொட்டலம் அங்கே இருந்தது. டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அந்த நேரத்தில் எப்படித் தோன்றியதோ. மேனேஜர் வாசலில் நின்றார். என் தோளைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். சொன்னேன். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆனது.

"மகனே, ஆஸ்பத்திரியில் தொட்டி என்று சொல்லாதே. போலீஸ் வரும். சந்தையில் ஏதோ வாங்கித் தின்றாள் என்று சொல். இது உனக்கும் நல்லது." அவர் என்னை மகனே என்று கூப்பிட்டதும் அன்றுதான் முதல்முறை. பையிலிருந்து ஆட்டோவுக்குப் பணம் எடுத்துக் கையில் திணித்தார். வாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் சொன்னதையே யோசித்துக்கொண்டு போனேன். அதை மறைக்க மாட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தார், வாந்தி பட்ட என் சட்டையைப் பார்த்தார். "என்ன சாப்பிட்டாள்?"

சந்தை என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. "நீலா தோத்தா" என்றேன். பொட்டலத்தை மேசை மேல் வைத்தேன். "நீச்சல் தொட்டியில் நான் போட்டது. படிகாரமும் போட்டேன். அந்தத் தண்ணீரைக் குடித்தாள்."

அவர் திட்டவில்லை. "எவ்வளவு போட்டாய்?"

"மூன்று கை."

"கை என்றால்?"

கையைக் காட்டினேன். அவர் நர்ஸிடம் மருந்து நிறுக்கும் தராசைக் கொண்டுவரச் சொன்னார். "இதிலிருந்து ஒரு கை எடு."

எடுத்தேன். விரல் நுனிகளால் மட்டும். பாதி மேசையில் சிந்தியது. தட்டில் போட்டேன்.

"நேற்று இவ்வளவுதான் எடுத்தாயா?"

இல்லை. நேற்று அள்ளியது வேறு.

"நேற்று எடுத்த மாதிரி எடு" என்றார்.

பொட்டலத்துக்குள் கையை விட்டு, விரல்களை விரித்து, வழிய வழிய அள்ளினேன். தட்டு சட்டென்று இறங்கியது. என் வாழ்க்கையில் நான் கண்ட பயங்கரமான காட்சி எது என்று கேட்டால், அந்தத் தராசுத் தட்டு இறங்கியதைத்தான் சொல்வேன். அந்த எடையை டாக்டர் மூன்றால் பெருக்கினார். தொட்டி எத்தனை அடி என்று கேட்டார். அகலம், உயரம் சொன்னேன். எத்தனை லிட்டர் என்று அவர் யோசிப்பதற்குள் நானே ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாளில் என் படிப்பு உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது.

அவர் கணக்கைப் பார்த்துவிட்டு மூச்சை விட்டார். "வாந்தி எடுத்ததுதான் இவளைக் காப்பாற்றியிருக்கிறது. நீ இதைச் சொல்லாமல் விட்டிருந்தால், வெயில் நோய் என்று நினைத்து நான் வேறு வைத்தியம் பார்த்திருப்பேன்." முட்டை வெள்ளைக்கருவும் பாலும் கொடுக்கச் சொன்னார். மலையாளி நர்ஸ் ஒருவர் கலாவை மடியில் போட்டுக்கொண்டு, "குடிக்கு மோளே" என்று கரண்டி கரண்டியாகப் பால் புகட்டினார். அந்தப் பால் திரியவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதியம் அக்கா வந்தாள். கையில் இன்னும் சாம்பல். பாத்திரம் தேய்க்கும்போது யாரோ சொல்லி அப்படியே வந்திருக்கிறாள். குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். மூச்சை எண்ணுகிற மாதிரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் நடந்தது முழுவதையும் சொன்னேன். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"நீ குடிச்சியா?"

"இல்லக்கா."

"ஏன்?"

"பங்களாவுல கொழா இருக்குதுக்கா."

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். ராசாத்தி அத்தை விட்ட அறையின் தடிப்பு இரண்டு நாளில் போய்விட்டது. அக்கா கேட்ட அந்தக் கேள்வி போகவில்லை.

சாயங்காலம் குழந்தை கண் விழித்து அக்காவின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்த பிறகு, நான் பங்களாவுக்குத் திரும்பினேன். தொட்டியில் இன்னும் ஒரு முழம் தண்ணீர் இருந்ததே, யாராவது வால்வைத் திறந்துவிட்டால்? மேனேஜர் என் கணக்கை முடித்துவிட்டதாகச் சொன்னார். சரி என்றேன். வடிகுழாயில் ஒரு அறிவிப்பு மாட்டிவிட்டுப் போக மட்டும் அனுமதி கேட்டேன். ஒரு அட்டையில் தமிழிலும் இந்தியிலும் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'இந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.' சுவருக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டிருந்தபோது ராசாத்தி அத்தை சரிவேறி வந்தார்.

"என்னாடா அது?"

"குடிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேன் அத்தை."

"யாரு படிக்கிறது?"

நான் அவரைப் பார்த்தேன். குடம் எடுத்து வரும் பெண்களில் ஒருவருக்கும் எழுத்து தெரியாது. மறுபடியும் நான் எனக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து வேலை செய்திருந்தேன். அத்தை முந்தானைக்குள்ளிருந்து ஒரு பழைய சிவப்புச் சேலைக் கிழிசலை எடுத்தார். எதற்கோ இடுப்பில் செருகி வைத்திருந்தது. பல்லால் கடித்துக் கிழித்து, குழாயில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"செவப்பு இருந்தா குடிக்கப்படாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறேன். நீ மருந்து போடற அன்னிக்கு மட்டும் இல்ல, எப்பவும் இருக்கட்டும். ஒன்ன நம்பிக் கழட்ட முடியாது."

அந்தச் சிவப்புத் துணிதான் இது. அடுத்த சீசனில் இந்த வேலையில் சேர்ந்தபோது சூப்பர்வைசரிடம் இரண்டே இரண்டு கேட்டேன். ஒரு தராசு, ஒவ்வொரு வடிகுழாயிலும் ஒரு சிவப்புத் துணி. சிரித்தார், சம்மதித்தார். நீங்கள் அதைக் கழற்றாதீர்கள். வெளுத்தால் மாற்றுங்கள். "குடிக்கலாமா?" என்று யாராவது கேட்டால், தெளிவாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரியாது என்பதும் பதில்தான்.

நான் அடுத்த வாரம் சேரப்போவது ஊர் குடிக்கிற தண்ணீரைச் சுத்தம் செய்யும் இடத்தில், உதவியாளர் வேலை. பரீட்சை எழுதி வாங்கியது. கலாவுக்கு இப்போது ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு. அவளுக்கு எதுவும் நினைவில்லை. அக்காவுக்கு இருக்கிறது. ஏழு வருஷமாக நான் எங்கிருந்து தண்ணீர் பிடித்து வந்தாலும், அதில் ஒரு கரண்டி எடுத்துப் பாலோடு சேர்த்துக் காய்ச்சிப் பார்ப்பாள். திரியவில்லை என்றால்தான் பானையில் ஊற்றுவாள். முதலில் நான் இல்லாதபோது செய்தாள். பிறகு என் கண் முன்னாலேயே செய்தாள். கோபத்தில் செய்வதில்லை, உப்புப் பார்க்கிற மாதிரி அது ஒரு பழக்கம்.

வேலை உத்தரவு வந்த அன்று அவளிடம் காட்டினேன். தாளை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஊருக்கே தண்ணி குடுக்கற வேலயா?" என்றாள். ஆமாம் என்றேன். அன்று நான் முனைக் குழாயில் பிடித்து வந்த குடம் வாசலில் இருந்தது. தாளைப் பத்திரமாக டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து, குடத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் பாலில் விட்டு, ஸ்டவ்வின் முன் உட்கார்ந்தாள். நான் ஸ்டவ்வுக்கு பம்ப் அடித்துக் கொடுத்தேன்.